‘ஆனாலும்’ என்னும் ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஆலத்தியூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணமகன் வீட்டார் வெளியூர்க்காரர்கள். பெண்ணைப் பற்றி விசாரிப்பதற்காகப் பங்குக் குருவாகிய நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பெண்ணை நாம் நன்கு அறிவோம். ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிப்பவள், படிப்பில் கெட்டிக்காரி, விடுமுறை நாள்களில் தாயுடன் பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போகக் கூச்சப்படாதவள். இவற்றையெல்லாம் மனமகிழ்ந்து எடுத்துரைக்க முற்பட்ட நாம் எவ்வாறு தொடங்கினோம்? “கொஞ்சம் கறுப்புதான்; ஆனாலும் தங்கமான பிள்ளை” என்று தொடங்கினோம்.

அறைக்கு வெளியே, பூசைக் கருத்துக்குப் பெயர் கொடுப்பதற்காக அப்பெண்ணின் பாட்டி காத்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. உரையாடல் முடிந்ததும் அவர் உள்ளே வந்தார். இறந்துபோன தம் கணவரின் பெயரைச் சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காணிக்கையை வைத்தார். போகும்போது வாசற்படியில் நின்று, “அது என்ன சாமி, ஆனாலும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பொருள் தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பவர்போலக் கேட்டார்.

நமக்கு விடை கிடைக்கவில்லை. மணமகன் வீட்டாரோ அந்தச் சொல்லுக்கு உரிய பொருளைத் தெளிவாகவே கண்டுகொண்டார்கள். பேசியிருந்த நகைக்கு மேல் ஐந்து பவுன் கூடுதலாகக் கேட்டார்கள். பெண் வீட்டாரால் இயலவில்லை. பேச்சு அத்துடன் நின்றது. பாட்டியின் கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இரவு ஏழு மணிக்குமேல் நம் சிற்றூர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஒரு வீட்டில் விட்ட உரையாடலை அடுத்த வீட்டில் தொடர்ந்து கேட்கலாம். தொலைக்காட்சித் தொடர்களின் நேரம் அது. பல இல்லங்களில் குடும்ப செபமாலையின் நேரத்தை அது எடுத்துக்கொண்டுவிட்டது என்ற குறையை இங்கே பாட விரும்பவில்லை. பாட்டியின் கேள்விக்குப் பின்பு, நாமும் சில நாள் அமர்ந்து அத்தொடர்களைப் பார்த்தோம்.

பெரும்பாலானவற்றில் ஒரே ஒழுங்கு நிலவக் கண்டோம். பெரிய வீட்டின் கூடத்தில் பட்டுடுத்தி நிற்பவர்கள் வெளுத்த நிறத்தினர்; அவர்களுக்குக் காப்பி கொண்டுவரும் பணிப்பெண்ணும், வாயிற்கதவைத் திறந்துவிடும் காவலாளியும் கறுத்தவர்கள். நிறத்தைப் பார்த்தே இவர் முதலாளி, இவர் வேலையாள் என்று குழந்தையும் கண்டுகொள்ளும். அதை எந்தப் பாத்திரமும் வாய்திறந்து சொல்வதில்லை. சொல்லாததனாலேயே அது ஆழமாக இறங்குகிறது.

இவ்வொழுங்கை எதிர்த்து எழுந்த தொடர்களும் உண்டு. 2019-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’வின் நாயகி கறுப்பு நிறத்தவள். அந்நிறத்துக்காகவே வருங்கால மாமியாரால் வெறுக்கப்படுபவள். 2021-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சுந்தரி’யில், கறுத்த நிறமுடைய கேபிரியல்லா செல்லஸ் என்னும் நடிகையே நாயகியானார். மாவட்ட ஆட்சியராகும் கனவோடு வளர்ந்த சிற்றூர்ப் பெண்ணை, நிறத்தை வெறுக்கும் கணவன் ஏமாற்றி வேறொருத்தியை மணக்கிறான். வெள்ளைத் தோலையே நாயகியின் இலக்கணமாகக் கொண்டிருந்த சின்னத்திரையில் இவை வந்ததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். கறுத்த சிறுமி ஒருத்தி திரையில் தன்னைப் போன்ற ஒருத்தியைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாளானால், அது சிறு நன்மையன்று.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கண்ணம்மா தன் நிறத்துக்கு ஈடாக எதைக் கொடுக்கிறாள்? எல்லையற்ற பொறுமையை. கணவனின் சந்தேகத்தையும் தனிமையையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறாள். சுந்தரி எதைக் கொடுக்கிறாள்? கல்வியையும் பதவியையும். சரி, பொறுமையும் இல்லாத, ஆட்சியர் பதவியும் கிட்டாத, சற்றே முன்கோபமும் சராசரி மதிப்பெண்ணும் உடைய ஒரு கறுத்த பெண் இருந்தால்? அவளுக்காக எந்தத் தொடர் கண்ணீர் விடும்? வெளுத்த நாயகி வெறுமனே இருக்கலாம். கறுத்த நாயகியோ தகுதியை நாள்தோறும் நிரூபிக்க வேண்டும். இதுதான் ‘ஆனாலும்’ என்பதன் பொருள். நிறம் ஒரு கடன். நற்குணம் அதற்குச் செலுத்தும் வட்டி.

எல்லைக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். குடும்பக் கதைகளை நயமாகச் சொல்வதில் பாகிஸ்தானியத் தொடர்கள் பெயர் பெற்றவை. 2014-இல் தொடங்கிய ஜிந்தகி என்னும் அலைவரிசை வழியாக அவை நம் நாட்டிலும் விரும்பிப் பார்க்கப்பட்டன. 2021-இல் அங்கே வெளிவந்து பெரும் புகழடைந்த ‘பரிசாத்’ என்னும் தொடரின் நாயகன் ஏழை, கறுத்தவன், கவிதை எழுதுபவன். பரிசாத் என்றால் தேவதையின் பிள்ளை என்று பொருள். அந்தப் பெயரும் இந்த முகமுமா என்று ஊரே நகைக்கிறது. பின்பு அவனிடம் செல்வம் குவிகிறது. நகைத்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. ஆக, கண்ணம்மாவின் ஈடு பொறுமை, சுந்தரியின் ஈடு பதவி, பரிசாத்தின் ஈடு பணம். நாம் அறிந்த மணமகன் வீட்டார் கேட்ட ஈடு ஐந்து பவுன். இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. அத்தொடரின் நாயகனாக நடித்தவர் கறுத்தவர் அல்லர், ஒப்பனையால் கறுப்பாக்கப்பட்டவர். கறுத்தவரின் துயரத்தைச் சொல்லும் கதையிலும் கறுத்தவருக்கு இடமில்லை.

தமிழர் என்றும் இப்படி இருந்தோமா? இல்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாமை எனப்பட்டது. மாந்தளிரின் மெருகேறிய கருமை அது. பிரிவுத் துயரால் அவள் மேனியில் படரும் வெளிறிய நிறத்துக்குப் பசலை என்று பெயர். அதாவது, வெளுப்பு அன்று நோயின் அடையாளம். இன்று அதனையே நலமென்று குழாய்களில் அடைத்து விற்கிறார்கள். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, பலத்த எதிர்ப்புக்குப் பின் 2020-இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்பதைக் கைவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயர் மாறுவது எளிது.

நிறத்தின் மீதான இந்த மதிப்பீட்டுக்குள் உழைப்பின் மீதான இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. நிழலில் இருக்க வசதியுள்ளவர் தோல் வெளிறியிருக்கும். வெயிலில் நின்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர் தோல் கறுக்கும். பிறவி நிறத்துக்கும் உழைப்புக்கும் தொடர்பில்லைதான். ஆயினும் கறுப்பைக் கண்டவுடன் ‘வெயிலில் வேலை செய்கிறவர்’ என்று கணக்கிடவும், அங்கிருந்து சாதியைக் கணக்கிடவும் நம் கண் பழகிவிட்டது. நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிறைந்த இம்மண்ணில் ஆலத்தியூர் உட்படப் பல ஊர்களில் சிமெண்ட் ஆலைகள் உள்ளன. கல் வெட்டும் சுரங்கத்திலும், பருத்திக் காட்டிலும், முந்திரித் தோப்பிலும் வெயில் யாரையும் விட்டுவைப்பதில்லை. அவர்கள் வெட்டிய கல்லிலிருந்து எழுந்த மாளிகைகளில்தான் தொடர்களின் கூடங்கள் அமைகின்றன. அக்கூடங்களில் அவர்கள் நிறத்துக்கு இடம் அடுக்களையில்.

இந்த இடத்தில் விவிலியம் நமக்குத் துணைவருகிறது. இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் தலைவி தன் கருநிறத்தைத் தானே எடுத்துரைக்கிறாள். கதிரவன் தன்னைச் சுட்டதாகவும், உடன்பிறந்தோர் தன்னைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பியதாகவும் காரணம் கூறுகிறாள். ஆம், அவளும் வெயிலில் வேலை செய்த பெண்! தான் கறுப்பு என்பதையும் அழகி என்பதையும் எபிரேய மூலத்தில் அவள் ஒரே ஓர் எழுத்தால் இணைக்கிறாள். அந்த இணைப்பு எழுத்துக்கு ‘உம்’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘ஆனாலும்’ என்றும் பொருள் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பு முதற்பொருளைக் கொண்டது. இலத்தீன் வுல்காத்தாவோ இரண்டாவதைக் கொண்டது. குருமடத்தில் இவ்வேறுபாட்டைப் பாடமாகப் படித்தோம், தேர்விலும் எழுதினோம். கறுப்பும் அழகும் ஒன்றாகவே இருக்க முடியும் என்று மூலம் இடம் தரும்போது, நம் நாவு ஏன் இரண்டாவதை நோக்கியே சாய்கிறது என்று அன்று எண்ணிப் பார்த்ததில்லை. பாட்டி கேட்டது இதைத்தான்.

எண்ணிக்கை நூலின் 12-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்திருந்ததைக் குறித்து அவர் சகோதரி மிரியாம் பழித்துரைக்கிறாள். கூசு என்பது எகிப்துக்குத் தெற்கே, கறுத்த மக்கள் வாழ்ந்த நாடு. மோசேக்கு எதிராகப் பேசியதற்காக மிரியாமுக்கு வந்த தண்டனை என்ன? தொழுநோயால் அவள் தோல் உறைபனிபோல் வெளுத்துப்போயிற்று. இந்நிகழ்ச்சியின் உட்பொருள் பலவாயினும், வெண்மையை வரமென்று எண்ணும் நமக்கு இதில் ஒரு சிறப்பான பாடம் உண்டு.

“அழகை விரும்புவது மனித இயல்பு, அதையுமா பாவம் என்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. ஒருவருக்கு ஒரு நிறம் பிடிப்பதும் பிடிக்காததும் பாவமன்று. ஒருவருக்கு உரியதை அவர் தகுதியைப் பாராமல் முகத்தைப் பார்த்து அளப்பதே பாவம். இதனை ஆள் பார்த்து நடத்தல் என்று கூறி, பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவமாக வைக்கிறார் புனித தோமா அக்குவினாஸ். பொன் மோதிரம் அணிந்தவருக்கு இருக்கையும் கந்தை அணிந்தவருக்குக் கால்மாட்டு இடமும் தரும் சபையைக் கண்டிக்கும் யாக்கோபு திருமுகமும் இதையே சொல்கிறது. நிறத்தாலும் சமூக நிலையாலும் காட்டப்படும் வேறுபாடு இறைத்திட்டத்துக்கு முரணானது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் எடுத்துரைத்தது. மனிதரின் மாண்பு சம்பாதிப்பதன்று, கொடை. இறைச்சாயலைப் பெற யாரும் தேர்வு எழுதுவதில்லை. நம் எல்லாருக்குமான மீட்பு விலையைச் சிலுவையில் ஒருவர் செலுத்திவிட்ட பின், கறுத்தவரிடம் மட்டும் இன்னொரு விலை கேட்க நாம் யார்?

கல் எறியும் முன் நம் கைகளையும் பார்த்துக்கொள்வோம். லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ், விடுதலை பெற்ற கறுப்பின அடிமைப் பெண்ணின் மகன். அவர் துறவு மடத்தை நாடியபோது முதலில் பணியாளராகவே ஏற்கப்பட்டார். 1639-இல் இறந்த அவருக்குப் புனிதர் பட்டம் 1962-இல் கிடைத்தது. நம் கோவில்களில் வானதூதர் வெள்ளை. மிக்கேல் சம்மனசின் காலடியில் கிடக்கும் சாத்தான் கறுப்பு. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாளாக நடிக்கச் சிவந்த சிறுமியைத் தேடுகிறோம். கிடைக்காவிடில் முகமாவை அள்ளிப் பூசுகிறோம். நாசரேத்தூரின் தச்சர் வீட்டுப் பெண் வெயிலில் நீர் சுமந்திருக்க மாட்டாரா? நம் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்: விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும், நிறத்தைப் பற்றி இரண்டு சொல்லும் இருக்கும். தொலைக்காட்சி நமக்குக் கற்பித்தது பாதி. நாம் அதற்குக் கற்பித்தது மறுபாதி.

அந்தச் சம்பந்தம் முறிந்த சில வாரங்களுக்குப் பின் பாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். நாம் பேசியது தவறு என்று சொன்னோம். பெண் உள்ளே மறைக்கல்விப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. பாட்டி நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல், “காப்பி குடிச்சிட்டுப் போங்க சாமி” என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. குடித்துவிட்டு வந்தோம்.

அன்பர்களே, தொடர்களைத் திருத்தும் அதிகாரம் நம் கையில் இல்லை. நாவு இருக்கிறது. குழந்தை பிறந்த வீட்டில் முதலில் காதுமடலைப் பார்த்து நிறம் கணிக்கும் பழக்கத்தை விடலாம். மணமக்கள் விளம்பரத்தில் நிறத்துக்கான சொல்லை அடித்துவிடலாம். அடுத்த கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாளின் உரையை யார் நன்றாகப் பேசுகிறாளோ அவளையே மரியாளாக்கலாம். ஒருவரைப் பற்றி நல்லது சொல்லும்போது, நடுவில் அந்த ஒரு சொல் எழுந்து வருமாயின், அங்கே சற்று நிற்கலாம். நாம் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இன்னும் முழுமையாகக் கற்றபாடில்லை.