வேலிக்குக் கீழே ஓடும் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் அங்கே நீருக்கு முதல். அந்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. வீட்டுக் கிணற்றிலும் தோட்டக் கிணற்றிலும் இறைப்பது அதைத்தான். ஆனால் அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மணல் வடிப்பதுபோல் அது எதையும் வடிப்பதில்லை. ஒரு வளவில் நிலத்துக்குள் விட்டது, வேலி தாண்டி அடுத்த வளவின் வாளியில் ஏறி வரலாம்.

குடாநாட்டுக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதுவது பழைய வழக்கம். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளர் இருந்தால், யாருக்கு எவ்வளவு பங்கு, வழிவாய்க்கால் எது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். நீரை எடுப்பதில் இத்தனை கவனம் காட்டிய சமூகம், நிலத்துக்குள் எதை விடக் கூடாது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. "என்ர காணி, என்ர குழி" என்ற பேச்சு நியாயம்போல் தோன்றுவது அதனால்தான்.

குழி என்றால் மலசலகூடக் குழி. அடிக்குச் சீமெந்து போடாமல் வெட்டிய குழிகள் இன்றும் ஏராளம். "கட்டி இருவது வரியமாச்சு, இன்னும் குழி நிரம்பேல்லை" என்று வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. நிரம்பாத குழி நல்ல குழி என்பது ஊர் நம்பிக்கை. தொட்டியில் தேங்கியிருக்க வேண்டிய கழிவுநீர் இருபது ஆண்டுகளாகக் கல்லுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெடிப்புள்ள கல்லில் அந்த 50 அடியும் முழுக் காவல் ஆகாது. சீதனமாகப் பிரிந்து பிரிந்து ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்றாகிவிட்ட காணிகளில் அந்த இடைவெளிக்கும் இடமில்லை.

கழிவோடு கிருமி வந்தால் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் பரவும். நீரைக் கொதிக்க வைத்தால் அவற்றிலிருந்து தப்பலாம். அதே கழிவிலிருந்து நீரில் சேரும் நைத்திரேற்று அப்படியல்ல. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. குடாநாட்டின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

அந்தக் குழந்தை அடுத்த வீட்டில் இருக்கலாம். அதன் தாயிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நீர் எங்கிருந்து கெட்டது என்பதே தெரியாதபோது, வேண்டாம் என்று மறுக்க அவளுக்கு வழியும் இல்லை.

பெரிய குற்றவாளிகள் வேறிடத்தில் இருக்கிறார்கள் என்ற மறுமொழி உடனே வரும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் கொட்டப்படும் யூரியா நைத்திரேற்றுக்கு ஒரு பெரிய மூலம்தான். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் குழி எம்மாத்திரம்? அளவில் இரண்டும் ஒன்றல்ல. பெரியவர்களைத் தப்பவிட்டு வீட்டுக்காரர்மேல் பழி சுமத்துவது அநியாயம். ஆனாலும் சுன்னாகத்து மக்களின் கோபத்துக்கு அடிப்படை, தங்கள் கிணற்றைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே. அந்த நியாயத்தை நிறுவனத்திடம் கேட்பவர், வேலிக்கு அப்பால் இருப்பவர் தன்னிடம் கேட்கும்போதும் ஏற்கத்தான் வேண்டும்.

அதற்காக எல்லோர்மேலும் ஒரே கண்டிப்பு விழக் கூடாது. அடியும் பக்கமும் பூசிய தொட்டிக்குச் செலவு கூடும். அது நிரம்பும், பவுசர் பிடித்து இறைக்கவும் வேண்டும். மாடி வைத்துக் கட்டி, தரைக்கு மாபிள் பதிக்கக்கூடியவர் குழியின் அடியில் மட்டும் காசு மிச்சம் பிடித்தால் அதற்கு மன்னிப்பில்லை. ஒரு பரப்புக் காணியில் வாடகைக்கு இருக்கும் கூலித் தொழிலாளியிடம் அதே கணக்கைக் கேட்க முடியாது. அங்கே கடமை காணிக்காரருடையது. கட்டக்கூடிய கட்டணத்தில் பவுசர் அனுப்ப வேண்டிய பிரதேச சபையுடையது.

காசே தேவைப்படாத கடமைகளில் சாக்குக்கு இடமில்லை. பாவனையில் இல்லாத கிணற்றில் குப்பை கொட்டுவது எல்லாவற்றிலும் மோசம். ஓரளவு தடுக்கக்கூடிய மேல்மண்ணையும் தாண்டி அழுக்கு நேரே நீரில் போய்ச் சேர்கிறது. மருந்தடிக்கும் தாங்கியைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவுவதும், மோட்டார் சைக்கிளின் பழைய எண்ணெயை வேலியோரம் ஊற்றுவதும் இன்றைக்கே நிறுத்தக்கூடியவை.

வரும் மாரிக்கு முன் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவை அயல் வீட்டாருக்கும் காட்டுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் குழியின் அடியைப் பூசுவது பற்றி மேசனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பிளாட் போட்டு மூடிய பிறகு அதைத் திருத்துவது லேசான வேலையல்ல.