மேலிருந்து பார்ப்பவன்

ஸார்த்ர் 1943ல் வெளியிட்ட 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு சாவித்துவாரம் வருகிறது. குனிந்து உள்ளே பார்ப்பவன் தன்னை மறந்திருக்கிறான். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். உடனே வெட்கம், தானும் பார்க்கப்படும் ஒரு பொருள் என்ற பிரக்ஞை. ட்ரோனை இயக்குபவனுக்கு இந்தத் தாழ்வாரம் இல்லை. கீழே இருப்பவன் தலை நிமிர்ந்தாலும் எதிரே இருப்பது ஒரு கண்ணாடி வில்லை.

2021 ஆகஸ்டில் வந்த நம் ட்ரோன் விதிகள் எடையைக் கேட்கின்றன, உயரத்தைக் கேட்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்டதை இயக்க உரிமம் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது இந்தக் கணக்கில் சேரவில்லை. அமெரிக்காவிலும் அடிக்கணக்குதான். 400 அடி உயர ஹெலிகாப்டரிலிருந்து போலீஸ் ஒருவரது பசுங்குடிலுக்குள் பார்த்ததற்கு வாரண்ட் தேவையில்லை என்றது, 1989ல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம். தனிமையை அடிக்கோலால் அளக்கலாம் என்ற இந்த நம்பிக்கை எனக்கு விநோதமாகப் படுகிறது.

சம்மதமில்லாமல் படமெடுக்கக் கூடாது என்று ஒரு விதி போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, 2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர்ப் போலீஸ் வெளியிட்டது: மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்கள் ட்ரோனைக் கண்டு சிதறி ஓடுகிறார்கள், கேரம் பலகையே மறைப்பாகிறது. நாடே சிரித்தது. மற்றது, 2021 ஏப்ரலில் டெல்லியில் ஒரு தகன இடத்தின் மேலிருந்து ராய்ட்டர்ஸின் டேனிஷ் சித்திக்கி எடுத்தது: வரிசை வரிசையாகச் சிதைகள். அருகில் நிற்பவனுக்குத் தெரிவது ஒரு சாவு. எண்ணிக்கை மேலிருந்துதான் தெரிகிறது. பிறர் துக்கத்துக்குள் நுழைவது என்று அப்படங்களைக் குறை சொன்னார்கள். பொய்யான குற்றச்சாட்டல்ல. ஆனால் அந்தப் படத்தின் முன் கூச வேண்டியிருந்தது அரசாங்கம். திருப்பூர்ப் படத்தில் கூசியது பலகைக்குப் பின்னால் ஒளிந்த பையன்.

சம்மத விதி முதல் படத்தைத் தொடாது, இரண்டாவதை இல்லாமல் செய்துவிடும். 2023ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது: குற்றத்தடுப்புக்கு விலக்கு இருக்கிறது; முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு இருந்த விலக்கு இல்லை.

2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. விவசாயிகள் அதை நூலில் சிக்கவைக்கக் காற்றாடி விட்டார்கள்.