மரத்துக்குரிய கடன்: யப்பானியக் கோயிற்றச்சரும் தொழிலறமும்

ஒரு தொழிலைத் திறம்படச் செய்பவன் அதனாலேயே நல்லவனாகிவிடுகின்றானா? இவ்வினாவுக்கு அரிஸ்ரோட்டில் இல்லை என்றே விடை கூறினார். ஆக்குதல் வேறு, ஒழுகுதல் வேறு என்பது ஒழுக்கவியல் பற்றிய நூலில் அவர் வகுத்த பிரிவு. ஆக்கத்தின் நன்மை ஆக்கப்பட்ட பொருளிலே தங்கியுள்ளது. ஒழுக்கத்தின் நன்மையோ ஒழுகுபவனின் உளநிலையிலும் தங்கியுள்ளது. வேண்டுமென்றே பிழைவிடும் தச்சனின் திறமையை எவரும் ஐயுறுவதில்லை; ஆனால், வேண்டுமென்றே அநீதி இழைப்பவனை நீதிமான் என எவரும் கொள்வதில்லை. மேனாட்டு மெய்யியலிற் கைவினை நெடுங்காலம் அறவியலின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தமைக்கு இப்பிரிவும் ஒரு காரணம் எனலாம்.

யப்பானியத் தச்சுக்கலையை வியந்து பேசுவோர் இதற்கு நேர்மாறான முடிவை எளிதாக ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். அவர்களது பேச்சிலே தச்சன் ஏறக்குறையத் துறவியாகிவிடுகின்றான். அவனது கருவிகள் பூசைப் பொருள்கள் ஆகிவிடுகின்றன. கருவிகள் வியத்தற்குரியவை என்பதில் ஐயமில்லை. யப்பானியத் தச்சன் வாளையும் சீவுளியையும் தள்ளி வேலை செய்வதில்லை. தன்னை நோக்கி இழுத்தே வேலை செய்கின்றான். இழுக்கும்போது வாளின் தகடு வளையாதாகையால் அதனை மிக மெல்லியதாக அமைக்க முடிகின்றது. உளிக்கும் சீவுளிக்கும் உரிய அலகு, மெல்லிய இரும்பின்மீது கடினமான உருக்கினைப் பொருத்தி அடிக்கப்படுவது. உருக்கு கூர்மையைத் தாங்கும். இரும்பு அதிர்ச்சியைத் தாங்குவதோடு, தீட்டுவதையும் எளிதாக்கும். நீர் ஊற்றித் தேய்க்கும் தீட்டுக்கற்களிலே பழகுநன் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காகக் காலம் கழிக்கின்றான். அவ்வாறு தீட்டிய சீவுளியிலிருந்து எழும் மரச்சுருள் ஒளி ஊடுருவும் அளவு மெல்லியது. பார்ப்பவர் கண் அச்சுருளிலேயே நின்றுவிடுகின்றது. ஆயின் தொழிலின் அறம் அச்சுருளில் இல்லை. அது வேறோர் இடத்தில் உள்ளது.

கைவினை பற்றிய வியப்பு பெரும்பாலும் கைவினைஞர் அல்லாதோரிடமிருந்தே எழுந்தது என்பதும் இங்கு கருதத்தக்கது. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ், யந்திர உற்பத்தியின் அவலட்சணத்தைக் கண்டு கையுழைப்பின் பக்கம் திரும்பினார். இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908 இல் வெளியிட்டபோது, மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டார். யப்பானில் யனாகி சோயெற்சு 1920களில் மக்கட் கைவினை என்னும் கருத்தை உருவாக்கி, 1936 இல் ரோக்கியோவில் அதற்கென ஒரு நூதனசாலையையும் நிறுவினார். பெயரறியாக் கைவினைஞனின் பணிவே அழகின் ஊற்று என்பது யனாகியின் கொள்கை. ஆனால், அக்கைவினைஞருட் பலர் பெயரறியாதோராய் இருந்தமைக்குக் காரணம் பணிவு மட்டுமன்று. அவர்களது பெயரை எவரும் கேட்கவில்லை. குமாரசுவாமி இவ்விடத்தில் மேலும் தெளிவாக இருந்தார் என்றே தோன்றுகின்றது. கைவினைஞனுக்கு நிலமும் உரிமையும் சமூகத்தில் ஓர் இடமும் இருந்ததை அவர் தமது ஆய்வின் நடுவிலேயே வைத்தார்.

வியப்பை விடுத்து வேலையை நோக்குவோமாயின், நாரா நகருக்கு அண்மையிலுள்ள ஹொரியூஜி கோயிலினின்று தொடங்குதலே பொருத்தம். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்குள்ள பொன்மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் ஆகும். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவை நிலநடுக்கத்தையும் சூறாவளியையும் தாங்கி நிற்கின்றன. 1934 இல் தொடங்கி 1985 இல் நிறைவுற்ற பெருந்திருத்தப் பணியின்போது அக்கோயிற் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கப்பட்டு மீளப் பொருத்தப்பட்டன. அதுவரை எவர் கண்ணுக்கும் தென்படாதிருந்த உட்பொருத்துகளை அப்போது தச்சர் கண்டனர். கண்டவருள் ஒருவர் நிஷியோகா சுனேகசு (1908-1995). அவரது பாட்டனாரும் தந்தையாரும் அக்கோயிலின் தச்சர்களே.

பழைய மரங்களிலே அவர் படித்த பாடம் நுட்பமானது. ஏழாம் நூற்றாண்டிலே மரத்தை நீளவாட்டில் அரியும் பெருவாள் யப்பானில் இருக்கவில்லை. மரத்தை ஆப்பு அறைந்து பிளந்தனர். பிளவு மரத்தின் இழை செல்லும் வழியே செல்லும். இழைக்கு மாறாகப் பிளக்க மனிதனால் இயலாது. ஆகவே, ஒவ்வொரு மரத்தின் முறுக்கும் சாய்வும் தச்சனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பிற்காலத்தில் வாள் வந்தது. வாள் எந்த மரத்தையும் நேர்கோட்டில் அரியும். முறுக்கிய மரமும் முறுக்காத மரமும் அரிந்தபின் ஒன்றுபோலவே தோன்றும். வேலை இலகுவாயிற்று. ஆனால், மரத்தின் இயல்பை அறியாமலே அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பும் அன்றே பிறந்தது. யந்திரத்தின்மீது சுமத்தப்படும் குற்றத்தின் வேர் யந்திரத்துக்கும் முற்பட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. கையாற் செய்வதனால் மட்டும் எதுவும் மரத்தை அறிந்த வேலை ஆகிவிடாது.

ஹொரியூஜித் தச்சரிடையே வாய்மொழியாக வழங்கிவந்த விதிகள் சில உள்ளன. மரத்தை வாங்காதே, மலையை வாங்கு என்பது அவற்றின் சாரத்துள் ஒன்று. மலையின் தென்சரிவில் வளர்ந்த மரம் கட்டடத்தின் தென்புறத்துக்கே உரியது. வலப்புறம் முறுகும் மரத்தை இடப்புறம் முறுகும் மரத்தோடு பிணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். மரங்களின் குணத்தை இணைப்பதற்கு முன்னர் வேலையாட்களின் மனங்களை இணைத்தல் வேண்டும். நிஷியோகாவின் பாட்டனார் பேரனைத் தொழினுட்பப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்து விவசாயப் பாடசாலைக்கு அனுப்பியதும் இச்சிந்தனையின் விளைவே. மண்ணை அறியாதவன் மரத்தை அறியான் என்பது கிழவரின் துணிபு. இவ்விதிகளுக்கெல்லாம் அடிநிலையாக ஒரு கணக்கு உண்டு: ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டியவன், அது இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்குமாறு கட்டுதல் வேண்டும். அதற்குக் குறைந்தாற் கடன் தீரவில்லை.

இக்கடன் யாருக்கு உரியது? கோயிலுக்கன்று, கூலி கொடுப்பவனுக்கும் அன்று. அவர்கள் ஐம்பது ஆண்டுகளில் மறைந்துவிடுவர். ஹொரியூஜியிற் கழற்றிய பழைய ஆணிகள் பல, மேற்பரப்பிலே துரு ஏறியிருந்தும் உள்ளே உறுதி குன்றாதிருந்தன. மடித்து மடித்து அடித்த இரும்பினால் ஆனவை அவை. மரத்துள் மறைந்துவிடும் ஆணியை அவ்வாறு அடித்த கொல்லன், தன் காலத்தில் எவராலும் சோதிக்க இயலாத வேலையையே செய்தான். மட்டமான ஆணியை அறைந்திருந்தாலும் அவனுக்குக் கூலி கிடைத்திருக்கும், பழியும் வந்திராது. பிழை வெளிப்படும் நாளில் அவனது பேரனின் பேரனும் இறந்திருப்பான். அரிஸ்ரோட்டிலின் பிரிவு இவ்விடத்திலேதான் தளர்கின்றது. ஆக்கத்தின் நன்மை பொருளில் மட்டும் உள்ளதென்றால், அப்பொருள் சோதிக்கப்படும் காலம் வரும்வரை நன்மைக்குக் காவல் யாது? ஆக்குபவனின் மனமன்றி வேறொன்றும் இல்லை. காலம் நீளநீளத் திறமை ஒழுக்கமாக மாறவேண்டியதாகின்றது. நாளை உடையும் நாற்காலியைச் செய்பவனைச் சந்தை திருத்திவிடும். நாலு நூற்றாண்டின் பின் உடையும் தூணைச் செய்பவனைத் திருத்த எவரும் இல்லை.

இவ்வறம் சோதனைக்குள்ளான நிகழ்ச்சி யாக்குசிஜி கோயிலின் மீள்கட்டுமானம். 1528 இல் எரிந்துபோன பொன்மண்டபத்தையும் மேற்குக் கோபுரத்தையும் மீளக் கட்டுவதற்கு அக்கோயிலின் தலைமைக் குரு தக்காடா கோயின் 1968 இல் ஒரு வழி கண்டார். சூத்திரம் ஒன்றைக் கையால் எழுதிக் கோயிலுக்கு அளிக்கும் ஒவ்வொருவரும் ஆயிரம் யென் காணிக்கை செலுத்தவேண்டும். அத்தகைய பிரதிகள் பத்து இலட்சம் சேர்தல் வேண்டும். அவை சேர்ந்தன. தலைமைத் தச்சராக நிஷியோகா அமர்த்தப்பட்டார். ஆனால், மண்டபத்தின் உட்பகுதியைக் கொங்கிறீற்றினால் அமைக்கவேண்டும் என அறிஞர் வற்புறுத்தினர். கொங்கிறீற்று நூறு ஆண்டு தாங்கலாம், மரம் ஆயிரம் ஆண்டு தாங்கும். அசையும் மரத்தை அசையாப் பொருளோடு பிணைத்தால் மரமே கெடும் என்பது தச்சரின் வாதம். இறுதியிற் பணிந்தவர் அவரே. 1976 இல் நிறைவுற்ற மண்டபத்தின் நடுவிற் கொங்கிறீற்று உள்ளது.

இக்கதையைக் கூறுவோர் அறிஞரைக் கொடியவராக்குவது வழக்கம். அது நேர்மையன்று. 1949 ஜனவரியில் ஹொரியூஜியின் பொன்மண்டபத்தில், திருத்தப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பற்றி, ஈடிணையற்ற சுவரோவியங்கள் கருகின. மறு ஆண்டிலேயே பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் பிறந்தது. யாக்குசிஜியின் வெண்கலப் புத்தர் சிலைகளும் அவற்றுக்கு ஒப்பான செல்வமே. சிலையைச் செய்தவனும் ஒரு கைவினைஞனே. அவனுக்கும் ஒரு கடன் உண்டு. ஆகவே, இது அறத்துக்கும் அறமின்மைக்கும் இடையில் நிகழ்ந்த போராட்டமன்று. இரு கடன்கள் ஒன்றோடொன்று மோதின. 1981 இல் நிறைவுற்ற மேற்குக் கோபுரத்தை, 730 ஆம் ஆண்டளவில் எழுந்த கிழக்குக் கோபுரத்திலும் ஏறத்தாழ ஓர் அடி உயரமாகவே நிஷியோகா அமைத்தார். மரம் காய்ந்து சுருங்கிப் பாரத்தால் அமிழ்ந்து பல நூற்றாண்டுகளின் பின் இரண்டும் சமமாகும் என்பது அவரது கணக்கு. அதைச் சரிபார்க்க அவர் இருக்கமாட்டார். கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தவரும் இருக்கமாட்டார்.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. வியப்போர் அதனைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆயிரம் ஆண்டு நிற்கும் தூணுக்கு ஆயிரம் ஆண்டு வளர்ந்த ஹினோக்கி மரம் வேண்டும். யப்பானில் அத்தகைய மரங்கள் தீர்ந்துவிட்டன. கோயிலும் கோட்டையும் அரண்மனையும் அவற்றை உண்டுவிட்டன. யாக்குசிஜிக்கு வேண்டிய மரம் தாய்வானின் மலைகளிலிருந்து வந்தது. மலையை வாங்கு என்னும் விதிக்கு அமைய நிஷியோகா அங்கு நேரிற் சென்று மரங்களைக் கண்டார். ஆனால் அம்மலை யாருடையது? 1895 முதல் 1945 வரை தாய்வான் யப்பானின் குடியேற்ற நாடு. அலிசான் மலையின் பெருமரங்களை இறக்குவதற்கெனப் போடப்பட்ட புகையிரதப் பாதை அவ்வாட்சியின் படைப்பு. யாக்குசிஜிக்கு மரம் வெட்டப்பட்டபோது அவ்வாட்சி நீங்கியிருந்தது. விலை கொடுத்தே வாங்கினர். எனினும், வெட்டப்பட்ட மரம் இருநூறு தலைமுறை அணில்களுக்கும் பறவைகளுக்கும் மலைவாழ் மக்களுக்கும் நிழல் தந்த மரம். 1991 இல் தாய்வான் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை முற்றாகத் தடைசெய்தது.

மரத்துக்குக் கடன் தீர்த்தான் தச்சன். காட்டுக்குக் கடன் தீர்த்தவர் யார்? ஒரு மரத்தின் வாழ்நாளுக்கு ஈடாக ஒரு தூணின் வாழ்நாளை வைப்பது மேன்மையான கணக்கே. ஆயினும் தூண் விதை தராது. இக்கணக்கில் விடுபட்ட பகுதி இதுவே. இதனால் நிஷியோகாவின் பெருமை குறைந்துவிடாது. அவரைப் போலக் கணக்கு வைத்தவர் மிகச் சிலர். ஆனால், கணக்கு வைக்கத் தொடங்கியவன் அதனை இடையில் நிறுத்த முடியாது.

மனிதருக்குரிய கடனும் அதில் அடங்கும். காசுக்காக வீடு கட்டினாற் கை கெடும் என்பது ஹொரியூஜித் தச்சரின் மரபு. கோயில் வேலை இல்லாதபோது வயலிலே உழைத்தனர். போருக்குப் பின் நிஷியோகா தம் நிலங்களை விற்றே குடும்பத்தைக் காத்தார். அவரது புதல்வர் எவரும் அத்தொழிலுக்கு வரவில்லை. 1966 இல் ஒகாவா மிற்சுவோ என்னும் இளைஞர் சீடராக வந்து கேட்டபோது, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார். 1969 இலேயே ஏற்றுக்கொண்டார். ஓராண்டு பத்திரிகையும் தொலைக்காட்சியும் வேண்டாம், கருவியை மட்டும் தீட்டு என்றார். தாம் சீவிய ஒரு சுருளைக் கொடுத்து, இவ்வாறு சீவு என்றார். வேறு விளக்கம் இல்லை. அச்சீடர் 1977 இல் தனியே ஒரு தொழிலகம் நிறுவினார். இளந்தச்சர் அங்கு ஒன்றாக உண்டு உறங்கித் தொழில் கற்றனர். பல ஊர்க் கோயில்களின் வேலையையும் ஏற்றுக் கூலி பெற்றனர். குருவின் தூய்மையைச் சீடர் கைவிட்டார் என்று சிலர் கருதக்கூடும். பசித்த வயிற்றோடு மரபு ஒரு தலைமுறைக்கு மேல் நடவாது என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதே சரி.

விடுபட்ட அந்தக் காட்டுக்கணக்கை எழுத முற்பட்டோரும் யப்பானிலேயே உள்ளனர். இசே பேராலயம் ஏழாம் நூற்றாண்டின் இறுதி முதல், போர்க்காலத்து இடைவெளிகள் நீங்கலாக, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பட்டு வருகின்றது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பதினாயிரம் ஹினோக்கி மரங்கள் வேண்டும். ஆலயத்தைச் சூழ்ந்த காடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோக, மரம் பிற மலைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1923 இல் ஆலயத்தார் தம் காட்டிலேயே இருநூறு ஆண்டுத் திட்டமொன்றை வகுத்து மரங்களை நடத் தொடங்கினர். 2013 இல் நடந்த கட்டுமானத்துக்குத் தேவையான மரத்திலே ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அக்காட்டிலிருந்து கிடைத்தது. அடுத்தது 2033 இல். பெருந்தூண்களுக்கென அடையாளமிட்டு விடப்பட்ட மரங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வெட்டவேண்டிய தச்சர் இன்னும் பிறக்கவில்லை.