ஞாயிற்றுக்கிழமை வாலிபால்

அமெரிக்காவில் பள்ளி வாலிபாலுக்கு வெளியே கிளப் வாலிபால் என்று தனி உலகம் ஒன்று இருக்கிறது. சிறுவயது தொடங்கி 18 வரை வயதுவாரியாக அணிகள். உச்சியில் ‘ஓபன்’ பிரிவு. பெண்களுக்குப் பல பகுதிகளில் இலையுதிர் காலத்தில் பள்ளிப் போட்டிகள் முடிந்த கையோடு கிளப்புகளின் ஆள் தேர்வு நடக்கும். ஆட்டங்கள் கோடை வரை நீளும். தேசிய சாம்பியன்ஷிப்பின் உயர் பிரிவுகளில் இடம் வேண்டுமானால் தகுதிப் போட்டிகளில் முன்னிலை பெற வேண்டும். பெரிய கண்காட்சி அரங்குகளில் வரிசை வரிசையாகக் கோர்ட் போட்டு, பெரும்பாலும் வார இறுதியை ஒட்டி மூன்று நாள் அவை நடக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு உள்ளே வந்துவிடும். பல போட்டிகளில் முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டங்களே அன்றுதான். கர்த்தருடைய நாளை ஆசரிக்கும் குடும்பத்துப் பெண் அன்று ஆடலாமா என்பது அங்கே கிறிஸ்தவப் பெற்றோர் பலர் எதிர்கொள்ளும் கேள்வி.

கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1618இல் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மக்கள் நடனம், வில்வித்தை போன்றவற்றில் ஈடுபடலாம். பியூரிட்டன்கள் கொதித்தார்கள், 1643இல் நாடாளுமன்றம் அந்த ஆணைப் புத்தகத்தைப் பகிரங்கமாக எரிக்கவைத்தது. அவர்கள் குடியேறி வளர்த்த மாசசூசெட்ஸில் பாஸ்டன் நகரம் ஞாயிறன்று தொழில்முறை பேஸ்பால் பார்க்க 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாலிபால் பிறந்ததும் அதே மாநிலத்தில்தான். 1895இல் ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில், அதாவது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், வில்லியம் மார்கன் அதை உருவாக்கினார். கூடைப்பந்தின் முட்டிமோதலைத் தாங்காத நடுவயதுக்காரர்கள் சற்று வியர்க்கட்டும் என்பதே அவர் எண்ணம்.

யூத மரபு தன் சனிக்கிழமை ஓய்வுநாளை வைத்து இதே கேள்வியை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. ஓர் ஊர் அழிந்ததற்கு, அதன் மக்கள் ஓய்வுநாளில் பந்து விளையாடியதே காரணம் என்கிறது பழைய ரபிமார் மரபு ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் யூதச் சட்டங்களைத் தொகுத்த யோசேப் காரோ ஓய்வுநாளில் பந்தாட்டம் கூடாது என்றே எழுதினார். அந்தத் தொகுப்புக்குக் குறிப்பு எழுதிய கிராக்கோவ் நகரத்து மோசே இசர்லெஸ், அனுமதிப்பவர்களும் உண்டு, வழக்கமும் அப்படித்தான் என்று சேர்த்தார். வாதத்தின் மையம் பந்து என்ற பொருளின் நிலை: அன்று கையால் தொடவே கூடாதவற்றில் அது சேருமா, விளையாட்டுச் சாமானாகக் கொள்ளலாமா?

இசர்லெஸ் தந்த சலுகை விளையாட்டுக்கானது. உயர்மட்டக் கிளப் வாலிபால் இன்னும் விளையாட்டுதானா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹூசிங்கா 1938இல் வெளிவந்த ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலில் விளையாட்டுக்குச் சொன்ன அடையாளங்களில் இரண்டு, அது மனமுவந்து செய்வது, பொருளாதாயத்தோடு ஒட்டாதது என்பவை. ஒரு ஞாயிறு காலையைப் பார்க்கலாம். எட்டு மணி ஆட்டத்துக்கு விடியலிலேயே எழுந்து வந்த பதினாறு வயதுப் பெண்கள் இரண்டு செட் ஆடி முடிக்கிறார்கள். வீட்டுக்கோ கோயிலுக்கோ போக முடியாது. அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவதும் கொடி பிடித்து லைன் பார்ப்பதும் அவர்கள் அணியின் பொறுப்பு. வராமல் போனால் அணிக்குத் தண்டனை. கோர்ட்டின் ஓரத்தில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஜெர்சி எண்ணைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் அவர்கள் நேரடியாகப் பேசலாம் என்பது விதி. பெற்றோர் ஒரு பருவத்துக்குக் கட்டியது ஆயிரக்கணக்கான டாலர். இதை வேலை என்று சொல்லச் சட்ட அறிஞர் தேவையில்லை. ஓய்வுநாளைக் காலத்தில் எழுப்பிய மாளிகையாகக் கண்டவர் யூதச் சிந்தனையாளர் ஆபிரகாம் ஹெஷல். அந்த மாளிகைக்குள் பயிற்சியாளர்களின் நோட்டுப்புத்தகத்துக்கு இடமிருக்காது.

அப்படியானால் விலகிவிடலாம் என்ற முடிவு எளிதாகத் தோன்றும். ஓட்டக்காரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று தகுதி ஓட்டம் இருந்ததால் 100 மீட்டரை விட்டார். 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஆனால் 100 மீட்டரில் அவர் இழந்தது தன் பதக்கத்தை. பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் 1965 பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை யூதப் புனித நாளான யோம் கிப்பூருக்காக விட்டபோது, பந்து வீச டான் டிரைஸ்டேல் இருந்தார். வாலிபாலில் 5-1 முறையில் ஆடும் அணிக்கு ஒரே செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை உயர்த்தித் தருபவள். இரண்டாம் தொடுகை பெரும்பாலும் அவள் கையில்தான். அவள் ஞாயிறு வராவிட்டால், அதே அளவு பணம் கட்டி அதே கல்லூரிக் கனவோடு வந்த மற்ற பெண்களின் ஆட்டமும் குலையும். பக்தி அவளுடையது, விலையில் பங்கு பிறருடையது.

ஓய்வுநாள் கட்டளை முந்தையது, கிளப் ஒப்பந்தம் பிந்தையது என்று சொல்லித் தப்ப முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பதும் அதே வேதம் கேட்பதுதான். கையெழுத்திடும்போதே கட்டளை தெரிந்திருந்தது, ஞாயிறு அட்டவணையும் தெரிந்திருந்தது. எனவே குற்றம் ஏதும் இருக்குமானால், அது ஞாயிறன்று ஆடியதிலோ ஆடாததிலோ இருப்பதைவிட, இலையுதிர் காலத்தில் வாய் திறக்காமல் கையெழுத்திட்டதில்தான் அதிகம் இருக்கிறது. சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளுக்கும் யூதர்களுக்கும் இதே கணக்குதான். சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்பதால் கத்தோலிக்கருக்குச் சற்று வசதி உண்டு. ஓய்வு என்ற பாதி மட்டும் அவர்களுக்கும் பாக்கி.

நிறுவனங்கள் வளைந்துகொடுக்கும் வழி உண்டு. மார்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழக அணிகள் ஞாயிறு ஆடுவதில்லை. அவை தகுதி பெற்றால் அட்டவணையை அதற்கேற்ப மாற்றக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதி வைத்திருக்கிறது. இத்தனைக்கும் அதன் பெண்கள் வாலிபால் இறுதியாட்டம் 2023இல் ஞாயிறுக்கு மாறியது. இளையோர் தகுதிப் போட்டியிலோ நூற்றுக்கணக்கான அணிகளின் ஆட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் ஓர் அணிக்காக அட்டவணையை நகர்த்துவது கடினம். பொறுப்பு பயிற்சியாளரிடம் வந்து சேர்கிறது. தேர்வு நாளிலேயே விஷயம் தெரிந்தால் அவர் இரண்டு செட்டர்களைச் சேர்த்துக்கொண்டு 6-2 முறையில் பழக்கலாம்; ஒருத்தி இல்லாத ஞாயிறு மட்டும் அணி 5-1க்கு மாறி ஆடும்.