கூட்டத்தில் நின்றவர்கள்

நல்லவர் ஒருவர் தீயவராக நடிக்கலாமா? எளிய கேள்விதான். ஆயினும் தவக்காலத்தில் பங்கு நாடகம் போட்டவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. பாத்திரங்களைப் பங்கிடும் மாலையிலேயே எழுந்து நிற்கும் கேள்வி.

அரக்கோணம் போன்ற இரயில்வே ஊரில் பங்கு நாடகம் தனிச்சுவை உடையது. சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு எனத் தடங்கள் பிரியும் சந்திப்பு அது. எங்கள் நடிகர்களுள் பலர் இரயில்வே ஊழியர்கள். பிலாத்துக்கு இரவுப் பணி என்றால் அன்றைய ஒத்திகையில் தீர்ப்பு இல்லை! கையில் எண்ணெய்க் கறையோடு ஓடிவரும் பேதுருவை, "கை கழுவுவது பிலாத்தின் வேலை, இருந்தாலும் நீரும் கழுவிவிட்டு வாரும்" என்று கேலி செய்வோம். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய தலைக்கவசங்கள். யாரோ ஓர் அன்னையின் பழைய பட்டுப்புடவையில் ஏரோதின் அங்கி. ஆந்திர எல்லை அருகில் அல்லவா? தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்து மனனம் செய்வார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சம் இனிக்கிறது.

இயேசுவாக நடிக்கப் பலர் முன்வருவர். யூதாசுக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆண்டு முழுவதும் அந்தப் பெயராலேயே அழைப்பார்களே என்ற அச்சம்! ஆனால் கொலைத் தீர்ப்புக் கேட்டுக் கூச்சலிடும் கூட்டத்தில் நிற்க எவரும் தயங்கியதில்லை. மீதமிருந்தோர் எல்லாரும் கூட்டம். அதற்குத் தேர்வும் இல்லை; தனி ஒத்திகையும் இல்லை. அங்கே யாருக்கும் பெயர் இல்லை. ஆகவே யாருக்கும் வெட்கமும் இல்லை. நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

பாடுகளின் நாடகம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஓபராமெர்காவ் என்னும் சிற்றூர், 1633-இல் கொள்ளைநோய் வாட்டியபோது செய்த நேர்ச்சையை நிறைவேற்ற, 1634 முதல் இந்நாடகத்தை நடத்தி வருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை ஊர் மக்களே நடிப்பர். 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022-இல் நடந்தது. இத்துணைப் பக்தியில் பிறந்த நாடகத்திலும் ஒரு கறை படிந்தது. மேடையில் கூச்சலிட்ட கூட்டத்தைப் பார்த்தோர், "அவர்கள் யூதர்கள், நாம் அல்லர்" என்று எண்ணும்படி அது நெடுங்காலம் அமைந்திருந்தது. 1934-இல், அதன் முந்நூறாம் ஆண்டில், ஹிட்லரும் அதைக் கண்டு சென்றார். அடுத்த பதினோர் ஆண்டுகளில் யூத மக்களுக்கு நேர்ந்ததை உலகம் அறியும்.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பாடுகளின் பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது எனத் தெளிவாக உரைத்தது. பின்னர் அந்த ஊரும் தன் நாடக வசனங்களைப் படிப்படியாகத் திருத்தியது. அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1566-இல் வெளிவந்த திரிதெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல், அறிந்தே பாவம் செய்யும் நம் குற்றமே பெரிது என்று கற்பித்திருந்தது. பாடம் பழையது, நாம்தாம் மறந்தோம்.

ஆகவே, தீயவராக நடிப்பது தீமையன்று. நடித்துவிட்டு, அத்தீமை வேறு யாருக்கோ உரியது என்று வீடு திரும்புவதே தீமை. குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகையில், கூட்டத்தின் குரலைத் திருச்சபை நம் வாயில் வைப்பது வீணுக்கன்று.

மேடைக்கு வெளியிலும் அந்தக் கூட்டம் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் சாதி வரம்பு காக்கப்படும்போது உண்டு. ஒரு தெருவுக்குள் தேர்ப்பவனி போகக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுக்கும்போது உண்டு. அங்கும் எவரும் தனியாகப் பேசுவதில்லை. "ஊர் சொன்னது" என்பார்கள். ஊர் என்பது யார்? அன்று மேடையில் மீதமிருந்தவர்கள்தானே!

அடுத்த தவக்காலத்தில் நாடகம் போடவிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கும் ஒத்திகை வையுங்கள். அதில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்தக் கொடிய வரியை ஒருமுறையேனும் தனியே நின்று, தம் குரல் தமக்கே கேட்கும்படி சொல்லிப் பார்க்கட்டும். சொல்லத் தொண்டை அடைத்தால் வருந்த வேண்டாம். நாடகம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.