காட்ட வேண்டியதும் காக்க வேண்டியதும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரில், அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை தன் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் உருவாக்கி வருகிறது. பொருத்தமான இடம்தான். உள்நாட்டுப் போரில் உடல் ஊனமுற்ற தன்னார்வ வீரர்களுக்காக 1865 மார்ச் 3 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே தோன்றிய தேசிய இல்லங்களில் ஒன்று 1867-இல் அங்கேதான் வீரர்களை ஏற்கத் தொடங்கியது. இந்த முயற்சியோடு ஓர் அறக்கேள்வியும் எழுகிறது. ஒரு நிறுவனம் தான் செய்த தொண்டின் வரலாற்றைத் தானே தொகுக்கும்போது எதைக் காட்டக் கடமைப்பட்டது, எதைக் காட்டாமல் இருக்கக் கடமைப்பட்டது? பராமரித்தவர் செய்தது பொதுமக்களுக்கு உரியது. பராமரிக்கப்பட்டவரின் உடலும் நோயும் அவருக்கே உரியவை. முன்னதைத் திறந்து வைப்பதும் பின்னதைக் காப்பதுமே நேர்மையான தொகுப்பு. ஆனால் நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்வது எளிது.

அப்படிச் செய்யப்பட்டதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1862-இல் அமெரிக்கப் படையின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தை நிறுவினார். அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட எலும்புகளையும் உறுப்புகளையும் அதற்கு அனுப்பும்படி போர்க்கள மருத்துவர்களுக்கு ஆணை போனது. குண்டுக் காயங்களைப் பற்றிய மருத்துவ அறிவு அந்தத் தொகுப்பால் வளர்ந்தது. அதை மறுக்க முடியாது. கெட்டிஸ்பர்க் போரில் 1863-இல் காலை இழந்த ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸ் தன் கால் எலும்பைத் தானே அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் அதைப் பார்க்கவும் போய்வந்தார். அவர் மனம் ஒப்பிக் கொடுத்தவர். சாதாரணச் சிப்பாய்களின் எலும்புகளோ பெரும்பாலும் யாருடைய ஒப்புதலும் கேட்கப்படாமலே அலமாரிக்குப் போயின. நோக்கம் நல்லது என்பதால் கேட்காமல் எடுத்தது நியாயமாகிவிடாது. நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவனிடம், வெட்டிய காலை என்ன செய்யலாம் என்று கேட்கும் மரியாதைகூட மறுக்கப்பட்டது. இன்று தொகுப்பவர்களுக்கு இதுவே முதல் எச்சரிக்கை.

உடலைக் காட்டத் தயங்காத கை, நிர்வாகத்தின் கோப்பைத் திறக்கத் தயங்கும். திறக்க வேண்டியவை ஏராளம். முதல் உலகப் போருக்குப் பிறகு உருவான படைவீரர் நல அமைப்புக்கு 1921 முதல் 1923 வரை தலைவராக இருந்த சார்லஸ் ஃபோர்ப்ஸ், மருத்துவமனைகளுக்கான பொருள்கள் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்ட ஊழலில் சிக்கி, அரசை ஏமாற்றச் சதி செய்த குற்றத்துக்காகச் சிறை சென்றார். கறுப்பின வீரர்களுக்கென அலபாமாவின் டஸ்கீகியில் 1923-இல் தனி மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அங்கே கறுப்பின மருத்துவர்கள் பணியாற்றக் கூடாதென்று வெள்ளையின வெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஊர்வலம் போய் மிரட்டியது. அந்த மிரட்டலை மீறித்தான் ஜோசப் வார்ட் என்ற கறுப்பின மருத்துவர் அதன் தலைமைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரின் போதும் அதன் பின்னரும் மனநோய்க்கு ஆளான ஏறத்தாழ 2,000 வீரர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்டது. 2014-இல் ஃபீனிக்ஸ் நகரில் நோயாளிகளின் உண்மையான காத்திருப்புக் காலம் மறைக்கப்பட்டது வெளிப்பட்டு, துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். இவற்றின் ஆணைகள், ஒப்பந்தங்கள், விசாரணை அறிக்கைகள், காத்திருப்புப் பட்டியல்கள் ஆகியவையும் செயற்கைக் கால்களுக்கும் பதக்கங்களுக்கும் நிகரான தொகுப்புப் பொருள்களே. இன்று சேகரிக்காமல் விட்டதை நாளை எவராலும் காட்ட முடியாது. அதனால் அறச்சோதனை, காட்சி அரங்கம் திறக்கும் நாளில் அல்ல, எதை வாங்கி வைப்பது என்று முடிவெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. தோல்விகளை அடுக்கிக் காட்டினால், இன்று சிகிச்சை தேவைப்படும் வீரர் மருத்துவமனைக்கு வரவே அஞ்சுவார். ஆண்டுக்கணக்கில் உழைத்த செவிலியரும் மருத்துவரும் மனம் உடைவார்கள் என்பது அது. கவலை உண்மையானதுதான். ஆனால் வீரர்களின் நம்பிக்கை மறைப்பதால் வளர்வதில்லை. ஃபீனிக்ஸில் நம்பிக்கையைச் சிதைத்ததில் தாமதத்தைவிடத் தாமதத்தை மறைத்த பொய்க்கே பெரும் பங்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், இலையில் உள்ள மற்றதையும் சாப்பிடுபவர் சந்தேகிப்பார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ரோஸலின் யாலோ, இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோன்களை அளக்கும் முறைக்காக 1977-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பெருமையைச் சொல்லும் அரங்கம் தவறுகளையும் சொன்னால்தான், பார்ப்பவர் பெருமையையும் நம்புவார்.

இன்றைய அறிவை வைத்து நேற்றைய மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்பது அடுத்த மறுப்பு. மேற்சொன்ன மூளை அறுவையைத் தொடங்கி வைத்த போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்தது. நெரிசலில் திணறிய மனநல விடுதிகளில் வேறு பயனுள்ள மருந்தும் அப்போது இல்லை. ஆகவே அந்த மருத்துவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது அநீதி. ஆனால் இது தொகுக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. இன்னும் கவனமாகத் தொகுப்பதற்கே காரணமாகிறது. கொடியவர் செய்த தவறு நமக்குக் கற்பிப்பது குறைவு. நல்லெண்ணம் கொண்டவர்கள், தம் காலத்தின் உயர்ந்த அங்கீகாரத்தோடு, தம்மை நம்பி வந்தவர்களுக்கு எப்படித் தீங்கு செய்ய நேர்ந்தது என்பதே இன்றைய மருத்துவர் அறிய வேண்டிய பாடம்.

மூன்றாவது மறுப்பு நோயாளியின் அந்தரங்கம் பற்றியது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றால், மேற்சொன்ன கோப்புகளை எப்படித் திறப்பது? முன்பு சொன்ன வேறுபாடே இங்கும் வழிகாட்டும். ஒரு வீரரின் பெயரும் நோய்க்குறிப்பும் அவர் அல்லது அவர் குடும்பத்தார் இசைவின்றி அரங்கத்துக்கு வரக் கூடாது. அந்தச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கிய நிர்வாக ஆணையோ யாருடைய அந்தரங்கமும் அல்ல. நோயாளியின் அந்தரங்கத்தை நிறுவனம் தன் கேடயமாக ஏந்தக் கூடாது. அதேவேளை, திறக்க முடியாத ஆவணத்தை அழித்துவிடவும் கூடாது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பற்றிய தீயில், படைவீரர்களின் பணிக் கோப்புகள் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை எரிந்துபோயின. அவற்றுக்கு நகல் இல்லை. தாம் படையில் பணியாற்றியதையே வேறு சான்றுகளால் நிரூபித்து உதவி கோரும் நிலை பலருக்கு ஏற்பட்டது. காகிதம் போனால் வரலாற்றோடு ஒருவரின் உரிமையும் போகிறது. பூட்டி வைக்கலாம், காலம் குறித்துத் திறக்கலாம், இல்லாமல் ஆக்கலாகாது.

ஆகவே, படைவீரர் பராமரிப்பின் வரலாற்றைத் தொகுப்பவர்கள் மூன்று பொறுப்புகளை ஏற்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவில் துறைக்கு வெளியே உள்ள வரலாற்றாசிரியர்களுக்கும், வீரர்களுக்கும், அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் வாக்குரிமை தர வேண்டும். ஒருவரின் உடலோடும் நோயோடும் தொடர்புள்ள எதையும் கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் முன்பு பெற்றதைப் பற்றி உரியவர்களிடம் இப்போதாவது கேட்க வேண்டும். சாதனைக்கு எவ்வளவு சான்று தேடுகிறார்களோ அவ்வளவு சான்றைத் தவறுக்கும் தேட வேண்டும். இந்தப் பொறுப்புகளை ஏற்காத தொகுப்பு, வீரர்களின் பெயரைச் சொல்லி நிறுவனம் தனக்கே எடுத்துக்கொள்ளும் விழாவாக முடியும். அந்தக் கட்டடம் வீரர்களுக்கானது என்றால், அவர்களுக்குச் செய்யப்பட்டதன் முழுக் கணக்கும் அதில் இருக்க வேண்டும்.