வழக்கறிஞர்க்குக் கதை எதற்கு?

திருவண்ணாமலையில் வக்கீல் தொழிலில் புதிதாக நுழைந்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், நம் மேசைமீதிருந்த நாவலைக் கண்டு, “ஹஜ்ரத், சட்ட நூல்களைப் படிக்கவே பொழுது போதவில்லை, கற்பனைக் கதைகளால் எங்களுக்கு என்ன பயன்?” என்று வினவினார். கதை படிப்பதை வீண் வேலையென்று கருதும் பெரியவர்கள் நம் இல்லங்களிலும் உண்டு.

ஆனால், தமிழ் நாவல் பிறந்த வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1879இல் வெளிவந்த முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை இயற்றிய வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ தந்து இலங்கையில் தமிழ் நாவலுக்கு வித்திட்ட சித்தி லெப்பை, கண்டியில் வழக்கறிஞர். நாள்தோறும் வழக்குகளைக் கண்ட இவ்விருவரும் கதையை நாடியது ஏன்?

சட்டம் கேட்பவை தேதி, சாட்சி, பத்திரம். கேட்கத்தான் வேண்டும், அவையின்றி நீதி இல்லை. ஆயினும், அண்ணன்மீது பாகவழக்குத் தொடுக்கும் தங்கையின் நெஞ்சை உறுத்துவது நிலமாக இல்லாமலிருக்கலாம். தாயின் இறுதி வேளையில் தனக்குச் சொல்லியனுப்பவில்லையே என்ற வேதனையாக இருக்கலாம். அதை எந்தப் பத்திரமும் சொல்லாது. இடைமறிக்காமல் கேட்கும் வக்கீலிடமே அவள் வாய் திறப்பாள். அந்தப் பொறுமையைத்தான் நல்ல நாவல் பயிற்றுகிறது. வேதநாயகரின் நாவலில், தமிழ் மக்களின் வழக்கை ஆங்கிலத்தில் வாதிக்கும் முறை கண்டிக்கப்படுகிறது. தன் பொருட்டுப் பேசப்படுவது தனக்கே விளங்காமல் கைகட்டி நிற்கும் ஏழையின் நிலையை உணர்ந்தவரே அவ்வாறு எழுத முடியும்.

ஆனால், மனித உள்ளத்தை அறிந்தவர் அதை ஏமாற்றவும் அறிவாரே என்று கேட்கலாம். உண்மைதான். தம்மிடம் வழக்குரைப்போரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராயிருக்கக்கூடும். அதனால் தீர்ப்புப் பெற்றுத் தம் சகோதரரின் உரிமையைக் கொள்பவர் நெருப்புத் துண்டையே கொள்கிறார் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவ்வாதத்திறனைக் கூலிக்கு வழங்கும் வக்கீலுக்கு இந்த எச்சரிக்கை இல்லையா? தன் கட்சிக்காரரின் கண்ணீரை மட்டும் காண்பவருக்கு இந்த அபாயம் மிகுதி. நல்ல கதையோ, நாம் வெறுக்கும் பாத்திரத்தின் நெஞ்சையும் திறந்து காட்டிவிடுகிறது.

“எதிர்க்கட்சிக்காரரையும் மனிதராகக் காண்பதற்காகப் படியுங்கள், தம்பி” என்று கூறி அந்நாவலை அவரிடம் கொடுத்தோம். படித்தறிவது நம் முயற்சி. அதை நீதிக்கே பயன்படுத்தும் தூய எண்ணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!